பகேரியாவில் அரசர் ஏர் பூட்டிய நாள்

1996 சித்திரையில் உலகத்தின் விளைச்சல் முழுவதும் இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா பகுதித் தமிழர் கலாசாரச் சங்கத்தின் கையில்தான் இருந்தது.

தாய்லாந்தில் அரசர் முன்னிலையில் ஏர் பூட்டித்தான் நெல் விதைப்பைத் தொடங்குகிறார்கள் என்பதைச் செயலாளர் மகேந்திரராசா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். உடனே அவசரக் கூட்டம். தலைவர் கோபாலசிங்கம் போட்டியின்றி 'அரசர்' ஆனார். பலெர்மோவை அடுத்த பகேரியாவில் ஓர் எலுமிச்சந்தோட்டத்து மூலை 'அரச வயல்' ஆனது. மாடுதான் அகப்படவில்லை.

"தோட்டக்காரன் டிராக்டர் தாறனெண்டவன்," என்றார் ஒருவர்.

"டிராக்டருக்குப் பின்னாலை அரசர் நடந்தால் மழை பெய்யுமோ? புகைதான் பெய்யும்!" என்றார் மகேந்திரராசா.

ஆகவே மாடாகும் பொறுப்பு அருளையாவிடம் ஏகமனதாக ஒப்படைக்கப்பட்டது. ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம், வேலையில்லை. கோபாலசிங்கம் துப்புரவு செய்யும் வீட்டின் எசமானியான சிஞ்ஞோராவின் தங்கைக்கு வேலைக்கு ஓர் ஆள் தேவையாம். அண்ணை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தைக்காக அருளையா யானையாகவும் நின்றிருப்பான்.

நுகம் அவன் கழுத்தில் ஏறியது. காகிதக் கிரீடத்தோடு அரசர் பின்னால் நடந்தார். வயலைச் சுற்றி முடிந்ததும் சடங்கின் உச்சம்: மாட்டின் முன் தட்டங்கள் வரிசையாக வைக்கப்பட்டன. மாடு எதைத் தின்கிறதோ, அது அந்த வருடம் பெருகும். நெல் வைக்க வேண்டிய தட்டத்தில், சமையலுக்குப் பொறுப்பான குகனேஸ்வரி பொங்கிய அரிசிப் புக்கை வைத்திருந்தாள். எள்ளுக்கு எள்ளுருண்டை. பயறுக்குப் பயத்தம்பணியாரம். புல்லுக்கு மட்டும் புல்லேதான்.

முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு எதுவுமே சாப்பிடாத மாடு, புல்லைத் தவிர எல்லாவற்றையும் முடித்தது.

"எல்லாம் பெருகும்!" என்று மகேந்திரராசா துள்ளினார். "மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு!"

ஆரவாரத்துக்கிடையில் அருளையா நிமிர்ந்தான். "அண்ணை, அந்த வேலை... சிஞ்ஞோராவோடை கதைச்சனீங்களோ?"

அரசரின் முகம் கறுத்தது. "சடங்குக்குள்ளை மாடு கதைக்கிறதோ? அபசகுனம்!"

"மாடு வாயை மூடட்டும் அண்ணை," என்றாள் குகனேஸ்வரி. "அரசர் கதைக்கலாந்தானே?"

அரசர் கதைத்தார். மைக்கைப் பிடித்து, உழைப்பவனின் மேன்மை பற்றி, முக்கால் மணித்தியாலம்.

அதற்குள் குகனேஸ்வரி நுகத்தைக் கழற்றி, அவன் கழுத்துக் கன்றலில் நல்லெண்ணெய் தடவிவிட்டாள். "நாளைக்கு என்னோடை வா தம்பி. நான் வேலை செய்யிற வீட்டிலை கேட்டுப் பாப்பம்." இருவரும் பஸ் பிடிக்கப் போனார்கள்.

மாடு இல்லாமலே விழா இனிது நிறைவேறியது. பேச்சு முடியும்வரை தலையாட்டத்தான் நாங்கள் அத்தனை பேர் இருந்தோமே!