ஹாலிஃபாக்ஸ் பாய் காட்டிய ஊர்

ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி. யாங்கோனில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தாமுவே சந்தையில் முழங்கால் தண்ணீரில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர், "பாப்பா, இடது பக்கம் திரும்பி மேட்டுல ஏறு" என்று கனடாவில் இருந்த என் மகளுக்குக் கைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வழிகாட்டி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இருந்தால் எண்ணிச் சொல்லியிருப்பேன். எதையும் எண்ணாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்பவர் அவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் ஹாலிஃபாக்ஸ் பாய். புதிதாகக் கேட்பவர்கள் ஏதோ இருமல் மருந்து என்று நினைப்பார்கள். ஹாலிஃபாக்ஸ் என்பது கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள துறைமுகம். பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. இளவயதில் கப்பலில் சமையல்காரராக பாய் அங்கே போனார். பிறகு ஊர் திரும்பிக் கடை வைத்தார். வாய் மட்டும் திரும்பி வரவில்லை.

அவரிடம் பூட்டு வாங்கப் போனால் ஹாலிஃபாக்ஸைச் சுற்றிப் பார்க்காமல் வெளியே வர முடியாது.

"மேட்டு மேல கோட்டை, சயா. நட்சத்திரம் மாதிரி கட்டியிருக்கான். பகல் பன்னெண்டுக்குப் பீரங்கி வெடிப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊர்ப் பொம்பளைங்க உலையில அரிசி போடுவாங்க."

"கனடாக்காரன் ரொட்டில்ல தின்பான், பாய்?"

"ரொட்டிக்கும் நேரம் தெரிய வேணாமா?"

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வாத்தியாரை இங்கே சயா என்போம். பூட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒருமுறை டொரண்டோவுக்குக் கிளம்பிய ஒருவர் பெட்டிக்குப் பூட்டு வாங்க வந்தார். அவருக்குக் கோட்டை, கடிகாரக் கோபுரம், வாத்துக் குளம் உள்ள பூங்கா, பாறை மேல் கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் பாய் ஒரு மணி நேரம் காட்டினார். டொரண்டோவிலிருந்து ஹாலிஃபாக்ஸ் ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் என்றேன். "ஒரே நாடுதானே சயா, சாயந்தரமா ஒரு எட்டு போய்ட்டு வரட்டும்" என்றார்.

வாசல் விஷயத்தில் அவருக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. நம் ஊர்ப் பெரிய பகோடாவில் வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்தான் நுழைவுச் சீட்டு. நம் தமிழ் முகத்தைப் பார்த்தால் காவலருக்கு ஒரு சந்தேகம் வரும். உடனே மழையையும் மின்வெட்டையும் பர்மிய மொழியில் நாலு வார்த்தை திட்டினால் போதும், உள்ளூர்க்காரன் என்று வழிவிட்டுவிடுவார். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பாய் அதை உலகப் பொதுவிதி ஆக்கிவிட்டார். "எந்த ஊர் வாசலா இருந்தாலும், அந்த ஊர்க்காரன் எதைத் திட்டுவானோ அதைச் சத்தமாத் திட்டு. சீட்டே கேக்க மாட்டான்."

என் மகள் செல்விக்குச் செவிலியர் படிப்புக்கு மூன்று ஊர்களில் இடம் கிடைத்தது. அவள் ஹாலிஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாயின் பேச்சு, வேறெதுவும் இல்லை. மே மாதம் போனாள். ஜூலைக்குள் குரல் நூலாக மெலிந்துவிட்டது. வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு. "அப்பா, ஜூலை முடியறதுக்குள்ள காலேஜுல சொல்லிட்டு ஊருக்கே வந்துடறேன்" என்றாள். திரும்பி வந்தால் இன்னொரு முறை போக வழி கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வரட்டுமே என்று என் மனதின் ஒரு பாதி சொன்னது. அந்தப் பாதியின் மேல்தான் எனக்குப் பயம்.

நேரே பாயிடம் போனேன். "உம்ம ஊரு என் பிள்ளையைக் கொல்லுது, பாய்."

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊரைப் பாக்காம ஊரை வெறுக்கக் கூடாது சயா. போனைக் கொடுங்க."

அப்படித்தான் அந்த மழையில் தொடங்கியது. எங்களுக்கு மாலை ஏழு என்றால் அவளுக்குக் காலை ஒன்பதரை. வீடியோவில் செல்வி மேடேறினாள். கோட்டை இருந்தது. நட்சத்திரம்போல இருக்கிறதா என்று கீழிருந்து தெரியவில்லை. "மேல பறக்கிற காக்காவுக்குத் தெரியும், நீ நட" என்றார் பாய். வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்கும் அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"பாய் மாமா, காசு கேக்கறாங்க போலிருக்கே!"

"கேக்க விடாதே! பனியைத் திட்டு!"

என் மகள் அப்பாவின் சொல்லைத் தவிர எல்லார் சொல்லையும் கேட்பவள். பளீரென்ற ஜூலை வெயிலில் நின்று, "சே, என்ன பனி, என்ன பனி! இந்த வருஷம் தாங்கவே முடியலை!" என்று ஆங்கிலத்தில் முழங்கினாள். அந்த அம்மாள் வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாம் கண்ணு, பாதையில் வழுக்கும், பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கிழித்து நீட்டிக் காசுக்குக் கை காட்டினாள்.

செல்வி காசைக் கொடுத்தாள். பிறகு சிரித்தாள். "அமலே! அமலே!" என்று பர்மிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். கனடா போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"புது ஆளு போலிருக்கு, சட்டம் தெரியலை" என்றார் பாய், கொஞ்சமும் கலங்காமல்.

அடுத்த ஞாயிறு பூங்கா. பாய் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன வாத்துகளில் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்ன இடத்தில் கறிக்கடை இல்லை, கருப்பு நாய்ச் சிலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பாய் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் செல்வி சண்டை போட்டாள். சண்டை போடுகிற பெண்ணின் குரலில் வலு இருந்தது. ஆனால் அங்கேயே இருக்கப்போவதாக அவள் சொல்லவில்லை. ஜூலையில் ஒரே ஒரு ஞாயிறு மிச்சம்.

அந்த ஞாயிறு, அக்கரைக்குப் போகும் படகில் ஏறச் சொன்னார். யாங்கோன் ஆற்றைக் கடக்கும் நம் டலா படகு மாதிரிதான், கூட்டமும் பொரித்த பலகாரமும் மட்டும் இல்லை. படகு நகர்ந்ததும், "பாப்பா, கேமராவை ஊர் பக்கமாப் பிடி" என்றார்.

மேடு, கோட்டை, கடிகாரக் கோபுரம், கரையோரக் கட்டடங்கள், எல்லாம் தண்ணீருக்கு மேல் மெல்ல விலகின. பாய் பேசவில்லை. பாய் பேசாமலிருந்து நான் பார்த்ததே கிடையாது; போன் கெட்டுவிட்டதோ என்று ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

"பாய் மாமா, இருக்கீங்களா? நீங்க எந்தக் கடையில தேத்தண்ணி குடிச்சீங்கன்னு சொல்லுங்க. எறங்கினதும் அங்க போறேன்."

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் எறங்கவே இல்ல, மவளே. கரைக்குப் போக எனக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கலை. கப்பல் அங்க நின்ன மூணு நாளும் மேல்தட்டுல நின்னு பார்த்தேன். இப்ப நீ காட்டறியே, இதான் நான் பார்த்தது. மத்ததெல்லாம் எறங்கிப் போனவங்க வந்து சொன்னது. கொஞ்சம் நான் சேத்துக்கிட்டது."

இந்த மனிதரின் பேச்சை நம்பித்தானே அந்தப் பெண் இத்தனை தூரம் போனாள்? போச்சு, இப்போதே பெட்டியைக் கட்டுவாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சமா, மாமா? முக்கால்வாசி!" என்றாள் செல்வி. "அப்ப நான்தான் உங்களுக்கு ஊரைக் காட்டணும். வர்ற மாசம் லைட்ஹவுஸ். பனிக்காலம் வந்ததும் நிஜப் பனியைத் திட்டலாம். அப்பா, கேக்குதா? எனக்கு ஊருக்கு வர டிக்கெட் ஒண்ணும் பாக்காதீங்க."

கேட்டது என்றேன். வரட்டுமே என்று சொன்ன அந்தப் பாதி கொஞ்சம் அழுதது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மழை விட்டிருந்தது. ஒருவர் முன்பக்கம் பார்த்தும் மற்றவர் பின்பக்கம் பார்த்தும் முதுகோடு முதுகு உட்காரும் சைக்கா வண்டியில் பாயை ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். பாய் பின்பக்கம் உட்கார்ந்து, கடந்துபோன கடைகளையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார், பாதி தப்பு. அவர் வீடு அடுத்த தெருவில்தான். சந்தையை முழுக்கச் சுற்றிக்கொண்டு போகும்படி வண்டிக்காரரிடம் சொன்னேன். ஆறாயிரம் கியாட் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.