மணியம்மைக்கு வந்த அருள்

தன் கடையின் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்ற மணியம்மையைப் பார்த்து, பட்டா நகல் எடுக்க வந்தவர் பயந்துபோய் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு ஒன்றுமில்லை. உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது பிரசவத்திலிருந்தே இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். அதற்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். திருப்பதி பஸ்ஸில் ஏறுவதை விட்டாள். கடைசியில் சிரிப்பதையே விட்டாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மாதான், சிறுநீரை அடக்குவதுபோல உள்ளே இறுக்கிப் பிடித்து, மெல்ல விடச் சொன்னார். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. விடாமல் செய்தால் சில மாதங்களில் குணம் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது என்றார்.

மணியம்மை இறுக்கினால் ஊருக்கே தெரிந்தது. புருவம் ஏறும், பல் கடிபடும், விடும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல் வேறு.

வாய்வுதான் என்று முடிவு கட்டிய கணவன் முரளிதரன், வேளாவேளைக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தான். அவனிடமிருந்து தப்பிக்க, தினமும் காலையில் முருகன் மலைக்கோயிலுக்குப் போய் மண்டபத்து மூலையில் உட்கார்ந்தாள். எல்லோரும் கண்ணை மூடும் இடத்தில் அவளை யார் கவனிக்கப்போகிறார்கள்?

சில மாதங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு கிருத்திகையன்று எதிர்வீட்டு வரலட்சுமி கவனித்தாள். ஓடிவந்து நெற்றி நிறைய விபூதியைப் பூசி, வந்திருப்பது யார் என்று கேட்டாள்.

"சும்மா இரு" என்றாள் மணியம்மை, பல்லைக் கடித்தபடி.

அது முருகன் வாக்காகிவிட்டது.

மறுநாள் கடை வாசலில் பெண்கள் கூட்டம். சாமியிடம் காதோடு கேட்க வேண்டுமாம்; ஆண்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். முரளிதரன் பெருமையோடு நாற்காலி போட்டுவிட்டு ஒதுங்கினான். யாரோ சாம்பிராணியை முகத்தருகே கொண்டுவர, மணியம்மைக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை இருமினாள்.

சட்டென்று நிறுத்தினாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இருமிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ வருஷத்துச் சிரிப்பு, தெருக்கோடிவரை கேட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இனி எதற்கு ஒளிக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து, முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"எனக்கு அருளும் வரல, சாமியும் வரல. இருமுனா ஒண்ணுக்கு கசிஞ்சிகினு இருந்தது. அதுக்குத்தான் உடம்ப இறுக்கிப் பயிற்சி செஞ்சிகினு இருந்தேன். இப்ப நின்னுபோச்சு. நானே நிறுத்திட்டேன்."

யார் முதலில் முகம் சுளிப்பார்கள் என்று மணியம்மை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

திருவாலங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கமலா, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நாங்க அத்தினி பேரும் சாமிகிட்ட காதோட கேக்க வந்ததே அதத்தாம்மா."