ஸ்பாஞ்சு வார விழாவும் நாலு குண்டான்களும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய சாதனைதான். ஆனால் அடிப்பிடித்த பாத்திரத்தை யார் தேய்ப்பது என்ற கேள்வியை அப்போதே தீர்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. பல்லாயிரம் ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கேள்விக்கு 1974-ஆம் ஆண்டு தை மாதம், கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு மேற்கே, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் இறுதி விடை காணப்பட்டது. சுத்தசீலன் ஸ்பாஞ்சுக் கம்பெனி என்று அதற்குப் பெயர்.

கம்பெனி முதலில் மெத்தைதான் செய்துகொண்டிருந்தது. மெத்தை வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகள் மலைபோல் குவிந்தபோது, அதற்கு நாட்டின் சுகாதாரத்தின் மீது திடீரென்று அக்கறை பிறந்தது. துண்டுகளைச் சதுரமாக நறுக்கி, பச்சைக் காகிதம் சுற்றி, 'இல்லத்தரசியின் இனிய தோழி' என்று அச்சடித்தார்கள். இப்படித்தான் குப்பை கண்டுபிடிப்பானது.

அந்தத் தோழியை நறுக்கியவன் தானியேல். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வெட்டு மிஷினில் நிற்பவன். இதற்குள் மிஷினையே ஒரு தடவை மாற்றிவிட்டார்கள். அவன் மட்டும் இன்னும் 'தற்காலிகம்'. தினமும் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வருவான். கூடவே அவன் மனைவி விக்டோரியாவும் வருவாள். கம்பெனிக்குப் பின்னால் ஆபீசர் குவார்ட்டர்ஸ் நாலு வீடு. நாலிலும் பாத்திரம் தேய்ப்பது அவள்தான்.

ஒருநாள் மேனேஜர் வேங்கடேசன் தானியேலைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ சர்ச்சுல கணீர்னு வாசிப்பயாமே?"

"ஞாயித்துக்கிழம மட்டும் சார்."

"இந்தத் தடவை திங்கட்கிழமையும் வாசி. ஸ்பாஞ்சு வார விழா. மெட்ராஸ்லேர்ந்து டைரக்டர் வரார். அவர் முன்னாடி நாலு விதத்துல நாலு பாத்திரம் தேய்ச்சு வெக்கப்போறோம். நம்ம ஸ்பாஞ்சு ஜெயிச்சா புது மிஷின் சாங்ஷன். புது மிஷினுக்கு ஒரு பெர்மனென்ட் ஆள். அது நீதான்."

"ஜெயிக்கலன்னா சார்?"

"மிஷினே இல்லை. மிஷின் இல்லாத எடத்துல ஆள் எதுக்கு?"

ஸ்பாஞ்சில் இருக்கிற ஓட்டைகளில் ஒன்றுகூட இந்தத் தர்க்கத்தில் இல்லை. தானியேல் தலையாட்டிவிட்டு வந்தான்.

போட்டி விஞ்ஞான முறைப்படி நடந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே அளவில் நாலு அலுமினியக் குண்டான்கள் வாங்கப்பட்டன. நலத்துறை ஆபீசர் துளசிராமன் தலைமையில் 'தீய்ப்புக் குழு' ஒன்று அமைந்தது. குழு வெள்ளிக்கிழமை மாலை கேன்டீனில் கூடி, நாலு குண்டானிலும் பொங்கல் வைத்து, நாலையும் அதிகாரபூர்வமாகத் தீய்த்தது. சமையல்காரன் இதற்கு முன் தீய்த்ததெல்லாம் கவனக்குறைவு, இது ஆராய்ச்சி.

பிறகு குண்டான்களின் அடியில் நம்பர்ச் சீட்டு ஒட்டி வீட்டுக்கு ஒன்றாக அனுப்பினார்கள். மேனேஜர் வீட்டுக்குக் கம்பெனி ஸ்பாஞ்சு. கணக்கு ஆபீசர் எம்பார் வீட்டுக்குக் கம்பிச் சுருள். துளசிராமன் வீட்டுக்குப் பிளாஸ்டிக் வலைப்பந்து. ஸ்டோர் ஆபீசர் குப்புராஜ் வீட்டுக்குத் தேங்காய் நாரும் சாம்பலும். தோற்பதற்கும் ஒருவர் வேண்டுமல்லவா, குப்புராஜ்தான் சம்பளத்தில் கடைசி. வீட்டு அம்மாக்கள் தங்கள் கையாலேயே சுத்தம் செய்து, திங்கட்கிழமை காலை கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது விதி.

அந்த நாலு வீடுகளும் ஆசாரத்துக்குப் பேர்போனவை. விக்டோரியா கொல்லைக் குழாயடியைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்ததில்லை. பாத்திரத்தை வெளியே போடுவார்கள். அவள் தேய்த்துக் கழுவிக் கல்மேல் கவிழ்த்துவிட்டு விலகி நிற்பாள். அம்மா வந்து அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளிப்பாள். அந்தக் கணத்தில்தான் பாத்திரம் சுத்தமாகும். அதுவரை நடந்ததெல்லாம் வெறும் தேய்ப்பு.

சனிக்கிழமை காலை மேனேஜர் வீட்டுப் பங்கஜவல்லி குண்டானோடு குழாயடிக்கு வந்தாள்.

"விக்டோரியா, இது போட்டிப் பாத்திரம். நான்தான் தேய்க்கணும்னு விதி. நீ தேய்ச்சு வெச்சுடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவள் உள்ளே போனதும் எம்பார் வீட்டுக் கமலவல்லி வந்தாள். பிறகு மற்ற இருவரும்.

மறுநாள் ஞாயிறு சர்ச் முடிந்து தானியேல் வீடு திரும்பியபோது, விக்டோரியா வெந்நீர்ச் சட்டியில் வலது கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு பன் ரொட்டியாக உப்பியிருந்தது.

"இன்னாமே, கைய ஊற வெச்சுக்கினு குந்தினுகீற?"

"நோவுது. நாலு குண்டான் தேச்சேன்."

"நாலா? மேனேஜர் ஊட்டம்மாதான தேய்க்கணும்?"

"தேய்க்கணும்தான். எங்கிட்ட குடுத்துட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. மத்த மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. நாலு பேரும் ஒரே மாதிரிய்யா, ஜெபம் மனப்பாடம் பண்ணாப்புல."

தானியேல் யோசித்தான். ஒரு வகையில் நல்லதுதான். தன் பெர்மனென்ட் தன் பெண்டாட்டி கையிலேயே இருக்கிறது.

"மேனேஜர் ஊட்டுத ஸ்பாஞ்சாலதான தேச்ச?"

"அந்தப் பஞ்சாலயா? ரெண்டு இழுப்புல துருவுன தேங்கா மாதிரி உதுந்துடுச்சு. கரி அப்படியே கீது. கம்பிச் சுருளு நகக்கண்ணுல குத்துது. அந்த வலை வழுக்கினே போவுது."

"அப்ப எதாலதான் தேச்ச?"

"எதால தேய்ப்பாங்க? உமிச் சாம்பலு, செங்கப்பொடி, தேங்கா நாரு. நாலுக்கும் அதான்."

"இன்னொரு ஸ்பாஞ்சு குடுத்துருப்பாங்களே."

"குடுத்தாங்க. அத்தால நம்ம ஆட்டுக்குட்டிய குளிப்பாட்டுனேன். கண்ண மூடிக்கினு சொகமா நிக்குது. அதுக்கு வேணா உங்க கம்பெனி நல்லா ஓடும்."

தானியேல் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி, போவட்டும். மேனேஜர் ஊட்டு குண்டான மட்டும் தூக்கலா தேச்சு, மத்தத கொஞ்சம் மட்டமா உட்டுருப்ப இல்ல?"

"எது மேனேஜர் ஊட்டுதுன்னு யாருக்குத் தெரியும்? அடியில சீட்டு ஒட்டுனாங்களே, மொத தேய்ப்புலயே பூடுச்சு. நாலும் ஒரே அச்சு. உன் பெர்மனென்ட் எந்த குண்டான்ல கீதுன்னு தெரியாம நாலையும் ஜெயிக்கிற மாதிரி தேச்சு வெச்சுட்டேன்."

"நாலும் ஜெயிச்சா எப்டிமே? ஒண்ணுதான ஜெயிக்கணும். பேஜாரா பூடும்."

"அதுக்குதான பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க கீறாங்க. அவுங்க பாத்துக்குவாங்க, நீ துன்னு."



திங்கட்கிழமை கேன்டீன் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து நாலு குண்டான்களையும் வைத்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் தேய்த்த சாதனத்தின் பெயர் எழுதிய அட்டை. விழா முடிந்ததும் காபி டம்ளர் கழுவ ஆள் வேண்டும் என்பதால் விக்டோரியாவை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

டைரக்டர் ராமஸ்வாமி ஒவ்வொரு அம்மாவிடமும் முறைப்படி கேட்டார்.

"நீங்களேதான் சுத்தம் பண்ணினேளா?"

"நானேதான்" என்றாள் பங்கஜவல்லி. மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நாலு குண்டானிலும் நாலு சொம்புத் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

அடுத்து கைக்குட்டைச் சோதனை. டைரக்டர் நாலு வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்து, குண்டானுக்கு ஒன்றாக உள்ளே விட்டுத் துடைத்து, மேஜையில் வரிசையாக விரித்தார். நாலும் சலவைக்குப் போய்வந்ததுபோல் இருந்தன.

டைரக்டர் கைக்குட்டைகளைப் பார்த்தார். மேனேஜர் டைரக்டரைப் பார்த்தார். தானியேல் விக்டோரியாவைப் பார்த்தான். அவள் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலும் வெள்ளைதான்" என்றார் டைரக்டர். "ஆனா வெள்ளையில தரம் இருக்கே."

மேதைகள் இப்படித்தான் பேசுவார்கள். அவர் ஒவ்வொரு அட்டையாகப் படித்து, அட்டைக்குப் பின்னால் இருந்த குண்டானை ஆராய்ந்தார். கம்பிச் சுருள் குண்டானில், அவர் கண்ணுக்கு மட்டும், மெல்லிய கீறல்கள் தெரிந்தன. வலைப்பந்துக் குண்டானின் பளபளப்பில் 'ஆழம் போதவில்லை.' தேங்காய் நார்க் குண்டானை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பட்டிக்காட்டு வாடை."

குப்புராஜ் குற்றம் செய்தவர்போல் தலைகுனிந்தார்.

ஸ்பாஞ்சு அட்டை வைத்த குண்டானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது டைரக்டரின் குரலே மாறிவிட்டது. "இதைப் பாருங்கோ. நிலா மாதிரி. இதான் சயன்ஸ்."

கைதட்டல் ஓய்ந்ததும் தானியேலின் கையில் அறிக்கையைக் கொடுத்தார்கள். முந்தின வாரமே டைப் செய்து வைத்திருந்தது. அவன் சர்ச்சில் வாசிக்கிற குரலில் கணீரென்று வாசித்தான்.

"இந்தப் பாத்திரம் மனிதக் கையின் உழைப்பு சிறிதும் இன்றி, நோவின்றி, நொடியில் சுத்தமாயிற்று."

வாசித்துவிட்டு நிமிர்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். விக்டோரியாவும் தட்டினாள், இடது கையால், தொடைமேல்.

புதன்கிழமை குழாயடியில் ஒரு பாத்திரமும் இல்லை. பங்கஜவல்லி கொல்லைக் கதவைத் திறந்து நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதே விக்டோரியா. இப்போதான் ஸ்பாஞ்சு வந்துடுத்தே. கையே வலிக்காதாம். உன் புருஷனே வாசிச்சானே. இனிமே நாங்களே பாத்துக்கறோம்."

நாலு வீட்டிலும் அதே பேச்சு. விஞ்ஞானம் ஒருவர் வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தை விடாது.

அன்று சாயங்காலம் ரயில் எளாவூரைத் தாண்டியது. விக்டோரியா சொன்னாள்:

"நல்லாத்தான் வாசிச்சய்யா. கடேசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."

தானியேல் ஜன்னலுக்கு வெளியே நெல்வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் பெர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகியிருந்தது. மேனேஜர் கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் கையெழுத்து விழுவதற்குள் குவார்ட்டர்ஸில் கரி ஏறிவிட்டது. அம்மாக்கள் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தார்கள். அது உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தார்கள். கடைசியில் வழக்கப்படி ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். இத்தனை வருஷமாகப் பாத்திரத்தைச் சுத்தமாக்கிய அதே தண்ணீர், இப்போது என்னவோ கரியைக்கூட எடுக்க மறுத்தது. ஒருநாள் மேனேஜரின் தோசையில் போனவாரத்து உப்புமா இருந்தது.

அவர் தானியேலைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஆர்டர் இருந்தது. பேனாவின் மூடி கழற்றியிருந்தது.

"உன் சம்சாரத்தைப் பழையபடி வரச் சொல்லு."

தானியேல் வீட்டில் போய்ச் சொன்னான். விக்டோரியா சிரித்தாள்.

"வரேன். ஒண்ணே ஒண்ணு. நான் தேச்சு கவுத்த பாத்திரத்த அப்படியே எடுத்துக்கினு உள்ள போவணும். மேல தண்ணி தெளிக்கக் கூடாது."

"இன்னாமே இது, கையெழுத்து போடாத நேரத்துல?"

"கூட ரெண்டு டப்பு குடுன்னா கேக்குறேன்? தண்ணி தெளிக்காதன்றேன். அவுங்களுக்கும் ஒரு சொம்பு தண்ணி மிச்சம்."

"கோச்சுக்கினு ஆர்டர கிழிச்சுட்டா?"

"கிழிச்சா, நாலு குண்டானையும் தேச்சது யாருன்னு டைரக்டருக்கு நான் சொல்றேன். உன்ன மாதிரி கணீர்னு வராது. ஆனா புரியும்."

மறுநாள் தானியேல் மேனேஜர் முன்னால் நின்று அவள் கேட்டது, மிரட்டியது இரண்டையும் சொன்னான். குரல், பழக்கதோஷம், கணீரென்று வந்தது. அடுத்த அறை டைப்பிஸ்டு கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மேனேஜர் பேனாவை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "இது ஆச்சு. மத்தது நாலு ஆத்துலயும் கலந்து பேசணும்."

தானியேல் ஓய்வு பெறும்வரை பெர்மனென்ட்டாகவே இருந்தான். விக்டோரியாதான் அப்படி இருக்கவில்லை. அந்தக் கை ஆரம்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நாளாகிறது. ஆனால் போகும்வரை, யாராவது ஸ்பாஞ்சு என்று சொன்னால் போதும், அந்தக் கைக்குட்டைக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்து விழுந்த அன்று மாலையே நாலு வீட்டாரும் கேன்டீனில் கூடியிருந்தார்கள். எல்லாப் பக்கமும் ஆராய்ந்தார்கள். புது ஸ்பாஞ்சு தரலாமா, சம்பளம் கூடக் கொடுக்கலாமா, புடவை எடுத்துத் தரலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். தண்ணீர் தெளிக்காமல் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒருமனதாக முடிவெடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், கரிபிடித்த பாத்திரத்திலேயே பொங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுத்தம் என்று வந்துவிட்டால் அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கிறவர்கள் அல்ல.