துணைக்கு வந்தவர்கள்

பாசமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்பதைப் பிறகு கேட்கிறேன். முதலில் நான் நலம் என்பதை நீ நம்ப வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ சொன்னபடியே உன் வீட்டுக்காரரை, அதான் மாமாவை, மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். "காலமெல்லாம் ரேடியோவில செய்தி வாசிச்ச மனுஷன், ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில வாயே திறக்கிறதில்லடா, சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நீ கூப்பிட்டாதான் வருவார். உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா துணைக்குப் போயிட்டு வா" என்று நீ மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னதை நம்பித்தான் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்று உன் வாயாலேயே வந்ததில் எனக்குப் பரம திருப்தி. ஏனென்றால் கம்பெனியில் என்னைப் பற்றி ஒரு வதந்தி ஓடுகிறது, லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறான் என்று. வதந்தி என்ன வதந்தி, உண்மைதான். ஆனால் காரணம் உடற்பயிற்சி. கதவு மூடியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதும், சட்டை தொப்பலாக நனைவதும், இதோ செத்தோம் என்று தோன்றுவதும் யாருக்கும் வருவதுதான். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். இருதயம் சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? இது மேலதிகாரியின் மண்டையில் ஏறவில்லை. "அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றார். அவரோட சேர்ந்து எல்லா லிஃப்ட்டிலயும் நீ ஏறி இறங்கணும். முடியலேன்னா பேசாம புகார் போன் எடுக்கிற மேஜையில போய் உட்காரு" என்கிறார். நடு மாடியில் மாட்டிக்கொண்ட எத்தனை பேரைத் தூக்கி வெளியே விட்ட கை அக்கா இது! இந்தக் கையால் போன் எடுத்து ஹலோ சொல்வதா?

டாக்டர் இருப்பது ஆறாம் மாடி. நான் முன்னாலேயே போய்விட்டேன். கட்டிடத்தில் எங்கள் கம்பெனி லிஃப்ட்தான், பளபளவென்று நிற்கிறது. மாமா வந்து "வாடா, ஏறலாம்" என்றால் என்ன செய்வது? (அவர் பேசமாட்டார் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.) பையில் 'பழுது பார்க்கப்படுகிறது, சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்ற மஞ்சள் பலகை எப்போதும் இருக்கும். சாவியைப் போட்டு லிஃப்ட்டை நிறுத்தினேன், பலகையை மாட்டினேன். கொஞ்ச நாளாக என் வேலைமுறையே இதுதான். போகிற இடமெல்லாம் முதலில் பலகை, அப்புறம் படி. ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வாட்ச்மேனை உள்ளே அனுப்பிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து கத்துவேன். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

மாமா வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியில் ஏறினார். மூன்றாம் மாடியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, படியில் உட்கார்ந்தோம். நான் ஆறுதலாக அவர் முதுகைத் தடவினேன். அவரும் என் முதுகைத் தடவினார். எனக்கு எதற்குத் தடவுகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மேலே போனால் அறை நிறைய ஆள். கைப்பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்த ஒரு அம்மா, நான் கேட்காமலேயே, "எங்க வீட்டுக்காரருக்காக வந்தேன், அவர் வண்டி நிறுத்தப் போயிருக்கார்" என்றார். கடைசிவரை அந்த வண்டி நிற்கவே இல்லை. தாடி வைத்த பையன் நண்பனுக்காக வந்தானாம், நண்பன் வெளியூராம். மூலையில் யார் என்கிறாய்? எங்கள் மாடி வீட்டு வக்கீல்! "பக்கத்து ஆபீஸ்ல ஆடிட்டரைப் பார்க்க வந்தேன் சார், அங்க நாற்காலி சரியில்ல, அதான் இங்க..." என்று இழுத்தார். நானும் விடுவேனா, "எனக்குப் பல் வலி சார்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து, "டாக்டர் படியேறி வந்துக்கிட்டிருக்காங்க, அதுக்குள்ள பிரஷர் பார்க்கணும், முதல் டோக்கன் யாரு?" என்றாள். ஒருவரும் அசையவில்லை. அடுத்த டோக்கனுக்கும் அதே கதை. அந்த அறையில் நோயாளி என்று ஒருத்தர்கூட இல்லை அக்கா. எல்லாரும் துணைக்கு வந்தவர்கள்.

எனக்குத் தாங்கவில்லை. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி ஆரம்பித்தேன். "மாமா, இதுல வெட்கப்பட என்ன இருக்கு? நான் ஒவ்வொரு கட்டிடத்திலயும் தொண்டை வத்தச் சொல்றது என்ன? லிஃப்ட் சத்தம் போடும்போதே கூப்பிடுங்க, நடுவில நின்ன பிறகு கூப்பிடாதீங்கன்னுதானே? மனசும் அப்படித்தான்!" வக்கீல் தலையை ஆட்டி ரசித்தார். மாமா நிதானமாக என் பக்கம் திரும்பினார். ஆறு மாதமாகத் திறக்காத அந்த வாய் திறந்தது.

"அதுக்குத்தாண்டா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

"யாரு யாரைக் கூட்டிட்டு வந்தது?"

"நான் உன்னை. 'தம்பிக்கு வேலை போயிடும் போலிருக்கு, நீங்க கூப்பிட்டாதான் வருவான், உங்களுக்கு ஒண்ணுமில்ல, சும்மா துணைக்குப் போயிட்டு வாங்க'ன்னு உங்கக்கா மூக்கைச் சிந்தினா."

அக்கா! ஒரே வசனம், ஒரே அழுகை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறாய். உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அதற்குள் டாக்டர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார், என் போனும் அடித்தது. மேலதிகாரி. "அந்தக் கட்டிடத்திலேருந்து புகார் வந்திருக்கு. மாட்டியிருக்கிறது உன் பலகையாமே? உள்ள ஏறி ஒரு தடவை மேல வரைக்கும் ஓட்டிப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்." கீழே ஓடினால் வாட்ச்மேனைக் காணோம். பலகையை எடுத்தேன், சாவியைப் போட்டேன், கதவு திறந்தது. என் கால்தான் நகரவில்லை. பின்னாலேயே இறங்கி வந்த மாமா உள்ளே போய் நின்று, கையை நீட்டினார். பிடித்தேன். கதவு மூடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போது கேட்டது அக்கா, அந்தக் குரல். ஊரே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்குமே, அதே குரல்.

"வணக்கம். செய்திகள், வாசிப்பது உன் மாமா. லிஃப்ட் முதல் மாடியைக் கடந்தது. இதுவரை உயிர்ச்சேதம் ஏதுமில்லை. மைத்துனர் இறுகப் பிடித்ததில் வாசிப்பாளரின் விரல்கள் படுகாயமடைந்தன. வானிலை: மைத்துனரின் சட்டை முழுவதும் பரவலாக ஈரம்."

நடுங்கிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே நடுங்கினேன். ஆறாம் மாடி வந்ததும் செய்தி நின்றது. பிறகு, ரேடியோ குரல் இல்லாமல், "காலையில எந்திரிக்கவே பிடிக்கலடா எனக்கு. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வெட்கமாம்.

அவ்வளவுதான். அவர் பேசிவிட்டார், நான் ஏறிவிட்டேன். இரண்டு பேரும் பூரண குணம். டோக்கனை வக்கீலிடம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்காமலே வந்துவிட்டோம். இறங்கும்போது படியில்தான் இறங்கினோம், உடம்புக்கு நல்லது. ஆகவே இனிமேல் மருந்து, டாக்டர் என்ற பேச்சே நம் குடும்பத்தில் எழக் கூடாது. இன்ஸ்பெக்டர் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு மன்னிப்பு.

இப்படிக்கு,
ஒரு குறையுமில்லாத உன் தம்பி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இதைத் தபாலில் போடக் கிளம்பி எங்கள் கட்டிட லிஃப்ட் முன்னால் நின்றேன். கை தானாகப் பைக்குள் போய்ப் பலகையை எடுத்துவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்து, "இன்னும் படுக்கையிலதாண்டா இருக்கேன்" என்றார். அன்றைக்கே கிளம்பிப் போனோம். நர்ஸ் கூப்பிட்டதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். அறையே திரும்பிப் பார்த்தது, அப்புறம் அந்தக் கைப்பை அம்மாவும் எழுந்தார். மாமாவுக்கு மாத்திரையும் வாரம் ஒரு தடவை டாக்டரோடு பேச்சும். எனக்குப் பயிற்சி. முதலில் திறந்த லிஃப்டில் நிற்க வேண்டும், அப்புறம் ஒரு மாடி. நாளாகும், ஆனால் சரியாகும் என்றார் டாக்டர். பலகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மேலதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டரோடு இந்த முறை தானே போவதாகச் சொல்லிவிட்டு, டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டார், அவர் மச்சானுக்காம்.

ஒன்று விட்டுப்போயிற்று. "உங்க ரெண்டு பேரையும் பொய் சொல்லி அனுப்பினாங்களே, அவங்க எப்படி இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாமாதான் சொன்னார்: "நான் தூங்குறேனான்னு பார்த்துக்கிட்டே அவ முழிச்சிருக்கா."

அக்கா, நீ நலமா?

செவ்வாய்க்கிழமை எங்களோடு வா. டோக்கன் போட்டாயிற்று. உனக்கு ஒண்ணுமில்ல, சும்மா துணைக்கு.