எர்த்து போகாத கார்

உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று மனதார நம்பிய மனிதர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான். கார் ஆடியோ மெக்கானிக். முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் தகர ஷெட். எந்த வண்டி வந்து நின்றாலும், கதவைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "எர்த்து போயிருக்குங்க."

பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போக, வண்டியின் இரும்பில் முடுக்கியிருக்கும் கறுப்பு ஒயர்தான் எர்த்து. அது வண்டிக்கு. இவருக்கோ, பக்கத்து டீக்கடையில் பால் திரிந்தாலும் எர்த்துதான். நெய்வேலி டவுன்ஷிப் முழுக்க அவர் பெயரே எர்த்து ஆகிவிட்டது. சொந்தப் பெயரை டைரியில் குறித்துக்கொள்ள மூன்று முறை கேட்டேன். "அத்த வெச்சிகினு என்னா பண்ணப்போறீங்க?" என்று மூன்று முறையும் கேட்டார். டைரியிலும் எர்த்து என்றே எழுதிக்கொண்டேன்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஒருநாள் அவரிடம் சிரித்தார். "எர்த்து போகாம என்னய்யா பண்ணும்? நாங்கதான் தினம் மூணு ஷிஃப்டா அள்ளிக்கிட்டு இருக்கோமே!"

எல்லோரும் சிரித்தோம். எர்த்து சிரிக்கவில்லை. "அதாங்க நானும் சொல்லிகினு இருக்கேன்" என்றார். சுரங்கம் தோண்டுவதற்காகக் காலி செய்யப்பட்ட ஊர்களில் ஒன்று அவருடையது. எங்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இன்னொரு முறை ஓர் அமரர் ஊர்தி வந்தது. சாவியை எடுத்த பிறகும் அதில் பாட்டு தானாக ஓடுகிறதாம். டிரைவருக்கு வேர்த்திருந்தது. எர்த்து செருப்பைக் கழற்றிவிட்டு (எந்த வண்டியையும் வெறுங்காலோடுதான் தொடுவார்) கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எர்த்து போயிருக்குங்க. எறங்க வேண்டியது எறங்க வழி தெரியாம உள்ளயே சுத்திகினு இருக்குது."

அவர் சொன்னது கரண்டை. டிரைவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார்.

இனி என் விஷயம். என் அப்பா சுரங்கத்தில் வாளிகள் கோத்த ராட்சத வெட்டு இயந்திரத்தை ஓட்டி ஓய்வுபெற்றவர். அந்த இரைச்சல் இரண்டு காதையும் தின்றுவிட்டது. வீட்டில் பேச்சுவார்த்தை சிலேட்டில்தான். ஆனால் நான் வாங்கிய பழைய காரில் ஆம்ப்ளிஃபயரும், பின்சீட்டுக்குப் பின்னால் பெரிய பூஃபர் ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. அந்த அதிர்வை அப்பா முதுகால் கேட்டார். தினமும் மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை, குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிற காரின் பின்சீட்டில் சாய்ந்து, தொடையில் தாளம் போடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆம்ப்ளிஃபயர் ஊமையானது. அப்பாவின் தாளம் நிற்கவில்லை.

புதன் மாலையும் போட்டார். ஸ்டீரியோவைத் தொடவே இல்லை. 'என்ன கேட்கிறீர்கள்?' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

"பாட்டு நின்னுபோச்சு. இது வேற" என்றார்.

கோயம்புத்தூரிலிருக்கும் அக்காவிடம் போனில் உளறிவிட்டேன். "சத்தமே இல்லாம தாளம் போடுறாரா? ஞாயித்துக்கிழமை வரேன். டாக்டர்கிட்ட காட்டி என்கூடவே வெச்சுக்கறேன்" என்றாள். ஊரைவிட்டுக் கிளப்பினால் அப்பா படுத்துவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஞாயிறுக்குள் அந்தக் காரில் நிஜமான பாட்டு ஓடியாக வேண்டும்.

வெள்ளி மாலை, அக்கா வரப்போவதைச் சொல்லி, எர்த்துவை வீட்டுக்கே அழைத்துவந்தேன். அப்பா பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. எர்த்து ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பூஃபர் ஒயரில் சின்ன பேட்டரியைத் தொட்டார். 'டப்' என்றது. அதற்கும் உயிர் இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கிக் கறுப்பு ஒயரை மீட்டரால் சோதித்தார். மறுபடி சோதித்தார். முகம் வெளிறியது.

"எர்த்து நல்லா இருக்குங்க."

அந்த வாயிலிருந்து இப்படியொரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

"இவ்ளோ நல்ல எர்த்த நான் பாத்ததே இல்லீங்க. இங்க கைய வையுங்க."

பூஃபர் பெட்டியில் கை வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் அணைந்து கிடக்க, ஸ்பீக்கர் கூம்பு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. நான்கு அடி, ஓர் இடைவெளி, நான்கு அடி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை, பிசகாமல். அப்பாவின் விரல்களும் அதே கணக்கில் விழுந்தன.

"மேளங்க. எங்க ஊரு மாரியாத்தா கோயிலு மேளம்" என்றார் எர்த்து.

அப்பா அவர் உதட்டைப் படித்துவிட்டார். "மேளமா? என் மெஷின்யா அது! ஒவ்வொரு வாளியா மண்ண கடிக்குது."

"அய்ய, மெஷினுக்கு இம்மாம் தாளம் எங்கங்க வரும்?"

"நீ ஓட்டினியா, நான் ஓட்டினேனா?"

அரை மணி நேரம் சண்டை, பாதி உதட்டில், பாதி சிலேட்டில். அந்தக் கோயில் இருந்த இடத்தில் இப்போது சுரங்கப் பள்ளம்தான் இருக்கிறது. சுரங்கத்து நண்பரிடம் மறுநாள் விசாரித்தேன். அப்பாவின் இயந்திரம் ஒரு வாரமாகப் பழுதாகி நிற்கிறதாம். இதை நான் இருவரிடமும் சொல்லவில்லை.

கோளாறு கடைசியில் அற்பமானது. ஆம்ப்ளிஃபயரை எழுப்புகிற மெல்லிய நீல ஒயர் அறுந்திருந்தது. எர்த்து அதை ஒட்டி, நடுவில் ஒரு சின்ன சுவிட்சையும் வைத்தார். "போட்டா பாட்டு. அணைச்சா... அது."

ஞாயிறு மதியம் அக்கா காரில் உட்கார்ந்தாள். பாட்டு ஜன்னல் கண்ணாடியைக் குலுக்கியது. அப்பா தாளம் தப்பவில்லை. அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போட்டார். "நல்லாத்தான்டா இருக்காரு. நீதான் பயமுறுத்திட்ட" என்று என் தலையில் குட்டிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

ஐந்தே முக்காலுக்கு எர்த்து வந்தார். கேட்டிலேயே செருப்பைக் கழற்றினார். "அக்கா போய்ட்டாங்களா?"

அப்பா முன்கதவைக் காட்டினார். "ஏறுய்யா. மேளமா மெஷினான்னு இன்னிக்கு முடிச்சுடுவோம்."

எர்த்து முன்னால் உட்கார்ந்து சுவிட்சை அணைத்தார். நான் சுற்றிப் போய்ப் பின்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எர்த்து திரும்பிப் பார்க்கவில்லை. என் கால் இடிக்காமல் இருக்க, தன் சீட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார்.