மிதிகட்டையில் ஒரு முழங்கால்

கம்பளக்காரர் அந்த முழங்கால் பட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. ஆடியிருந்தால் உடைசல் சரக்கு என்று சந்தேகப்பட்டிருப்பார். ஆடாததால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று சந்தேகப்பட்டார்.

"டம்மிதான் இது."

"எதுங்க?" என்றாள் மனைவி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வீடு மாடியில், கடை கீழே, நடுவில் இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவள் இறங்கி வருவதற்குள் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். ரொம்ப நாளாகவே அவர் ஆடை கட்டிய தேநீரைத்தான் விரலால் வழித்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதில்லை. சந்தேகப்பட வேண்டிய விஷயங்கள் வெளியில் ஏராளமாக இருந்தன.

இப்போதைக்குப் பெரிய சந்தேகம், மருத்துவமனையின் மூட்டுப் பிரிவு மேல். முட்டித் தேய்மானத்துக்கு அங்கே ஓர் ஆராய்ச்சி. இருநூறு பேருக்கு ஆளுக்கொரு பட்டை. பட்டையில் தீப்பெட்டி அளவு டப்பா, அதில் பச்சை விளக்கு. பாதிப் பேருடைய டப்பா மூட்டுக்குள் மெல்லிய அதிர்வலை அனுப்பும். மீதிப் பேருடையதில் வெறும் விளக்கு மட்டும் எரியும். நிஜமானது ஓடினாலும் தோலுக்குத் தெரியாது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தினமும் மூன்று மணி நேரம் வீதம் பன்னிரண்டு வாரம் கட்ட வேண்டும்.

"விக்கிறவனுக்கே சரக்கு அசலா போலியான்னு தெரியாதாம்! இப்படி ஒரு கடையை நான் பார்த்ததே இல்லை," என்றார்.

"கட்டித்தான் பாருங்களேன்."

"மூணு வாரம் கட்டிட்டேன். முட்டி இன்னும் முறுக்குதான். எனக்கு டம்மியைத் தள்ளிவிட்டுட்டாங்க. என் மூஞ்சியைப் பார்த்தா ஏமாறுறவன் மாதிரி தெரியுது போல."

அவருக்கு வந்த அவசரம் வலியினால் மட்டும் அல்ல. கம்பளம் விற்பவன் மண்டி போட வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் மண்டி போட்டு, சுருளின் ஓரத்தை இரு கையாலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால், கம்பளம் உருண்டு போய் அவர்கள் காலடியில் நிற்கும். நின்றுகொண்டு உதறினால் விலை கேட்பார்கள். மண்டி போட்டு விரித்தால், வாங்குகிற எண்ணத்தோடு நீளம் கேட்பார்கள். அந்த வித்தையில்தான் கடையே நின்றது. இப்போது அவர் முட்டி பாதி மடங்கியதும் நின்றுவிடுகிறது.

தம்பி இதை ரொம்ப அன்போடு கவனித்து வந்தான்.

"அண்ணே, பேசாம பின்னாடி மேசையில உக்காந்து பில் போடுங்க. முன்கடையை நான் பார்த்துக்கறேன்."

"பன்னிரண்டு வாரம் பொறுடா. முட்டி சரியாயிடும்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா அது டம்மின்னு அர்த்தம். டம்மி கிடைச்சவங்களுக்கு அப்புறம் அசலைத் தருவாங்க. அதுக்கு இன்னொரு பன்னிரண்டு வாரம் கொடு."

தம்பி யோசித்தான். அவனும் அதே கடையில் வளர்ந்தவன். "டம்மின்னு அவங்க வாயால சொல்லணும். அசல்னு சொல்லியும் உங்களால முடியலைன்னா, அன்னைக்கே எழுந்துடணும். மண்டி போடுறவங்களுக்குத்தான் முன்கடை. பேச்சு மாறக் கூடாது."

"மாறாது."

அன்றிலிருந்து கம்பளக்காரருக்கு ஒரே ஆசைதான்: தன் பட்டை டம்மியாக இருக்க வேண்டும்.

முதலில் ஆராய்ச்சி நர்ஸிடம் பேரம் பேசிப் பார்த்தார்.

"வாயால சொல்ல வேண்டாம்மா. டம்மின்னா கொஞ்சம் தும்முங்க. போதும்."

"எனக்கே தெரியாது சார். கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்."

"அந்தக் கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கறாங்க?"

நர்ஸ் ஒரு தாளில் எதையோ எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். 'தனக்குக் கிடைத்தது போலி என்று நோயாளி நம்புகிறார்' என்று இருந்தது. 'நம்புகிறார்' என்ற சொல்லே அவருக்குச் சந்தேகமாகப் பட்டது.

காத்திருக்கும் அறையில் பஸ் டிரைவர் ஒருவர் அதே பட்டையோடு உட்கார்ந்திருந்தார். கம்பளக்காரர் அவர் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"வலி எப்படி?"

"பரவாயில்லை. கிளட்ச் மிதிக்க முடியுது."

"மாத்திக்கலாமா? என்னோடதை நீங்க வெச்சுக்கங்க. மேல ஒரு கம்பளமும் தர்றேன். ஆறடிக்கு நாலடி."

டிரைவர் தன் பட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "கம்பளம் வேற தர்றேங்கறீங்களா? அப்ப என்னோடது அசல்தான். நகருங்க."

தன்னுடையது டம்மிதான், இனி சந்தேகமே இல்லை என்று வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றி எறிந்தார். போலிச் சரக்குக்கு எதற்கு ஒரு முட்டி? நான்காம் நாள் நர்ஸ் போன் செய்தாள்.

"சார், பட்டை கட்டறீங்களா?"

"விடாம கட்டறேனே!"

"டப்பாவுல தெரியும் சார். எத்தனை மணி நேரம் ஓடுச்சு, கால் எவ்வளவு அசைஞ்சுதுன்னு எல்லாம் இங்க வந்துடும். மூணு நாளா ஒண்ணுமே இல்லை. இப்படியே போனா உங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் கடைசியில எதுவும் கிடைக்காது."

"உளவு வேற பாக்கறாங்க!" என்று மனைவியிடம் பொருமினார். ஆனால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டால் டம்மி என்று சொல்ல ஆள் இருக்காது. தம்பி முன்கடையில் ஏறிவிடுவான். அதனால் பட்டையை நாற்காலிக் காலில் கட்டி, சுவிட்சைப் போட்டு வைத்தார்.

இரண்டு நாளில் மறுபடியும் போன். "சார், பட்டை ஓடுது, கால் அசையவே இல்லையே? மயக்கமா இருக்கீங்களா? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

"இல்லம்மா, கொஞ்சம் ஓய்வுல இருந்தேன்."

"நாற்பத்தெட்டு மணி நேரமாவா?"

அசைய வேண்டும், அவ்வளவுதானே. பட்டையை ஒரு பழைய துணிமூட்டையில் வைத்துச் சலவை இயந்திரத்தின் மேல் கட்டி, பிழியும் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் குதித்தது. பட்டையும் குதித்தது. இந்த முறை நர்ஸ் போன் செய்யவில்லை, டாக்டரே செய்தார்.

"உங்க கால் நிமிஷத்துக்கு எண்ணூறு தடவை உதறியிருக்கு. நரம்புல ஏதாவது கோளாறு இருக்கலாம். நாளைக்கே வாங்க, தலையை ஸ்கேன் பண்ணணும்."

ஸ்கேன் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்து, ஒரு கோளாறும் இல்லை என்ற நற்சான்றோடு திரும்பினார். அந்தக் குழாய்க்குள்தான் அவருக்கு அருமையான யோசனை பிறந்தது.

மனைவி மாடியில் தையல் இயந்திரத்தில் கம்பள ஓரம் அடிப்பாள். காலால் மிதிக்கிற பழைய இயந்திரம். தினமும் சரியாக மூன்று மணி நேரம். மிதிகட்டை மேலும் கீழும் போகிற விதம், மனுஷன் நிதானமாக நடக்கிற மாதிரியே இருக்கும்.

"இதுல கட்டிடு," என்றார், பட்டையை மிதிகட்டையில் சுற்றிக் காட்டி. "நீ பாட்டுக்குத் தை. அது பாட்டுக்கு ஓடட்டும்."

"அப்ப உங்க முட்டி?"

"டம்மிக்கும் என் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி கேக்காம செய்யி."

"சரிங்க," என்றாள். அவள் எப்போதும் சொல்கிற 'சரிங்க'தான்.

நாலாம் நாள் நர்ஸே கூப்பிட்டாள். குரலில் தேன். "இப்பத்தான் சார் மனுஷ முட்டி மாதிரி இருக்கு! இப்படியே விடாம பண்ணுங்க."

கம்பளக்காரர் போனை வைத்துவிட்டு வெகு நேரம் தனியாகச் சிரித்தார். பெரிய டாக்டர்கள், கம்ப்யூட்டர், இருநூறு பேர். அத்தனையையும் ஒரு மிதிகட்டை ஏமாற்றிவிட்டது. ஆனாலும் சரக்கை அடுத்தவர் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். தினமும் சாயங்காலம் முனகிக்கொண்டே இருபத்திரண்டு படியும் ஏறிப் போய்ச் சோதிப்பார். பட்டை மிதிகட்டையில் கச்சிதமாகக் கட்டியிருக்கும், பச்சை விளக்கு எரியும்.

ஒரு நாள் தொட்டுப் பார்த்தார். "பட்டை ஏன் சூடா இருக்கு?"

"மெஷின் ஓடினா சூடாகாதா?" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

நியாயமாகப் பட்டது. கீழே இறங்கினார்.

எட்டாம் வாரத்தில் வேறொரு சந்தேகம் முளைத்தது. தேநீர் நாக்கைச் சுட்டது. ஆடையைத் தேடி விரலை விட்டவர் விரலை உதறினார்.

"என்ன இது, கொதிக்குது?"

"இப்பத்தான் இறக்கினேன்."

"இவ்வளவு நாளா ஆறித்தானே வரும்? இன்னைக்கு என்ன விசேஷம்? என்கிட்ட என்ன கேக்கப் போற?"

"ஒண்ணும் இல்லைங்க. குடிங்க."

அவர் விடவில்லை. ஒன்பதாம் வாரமும் சூடு, பத்தாம் வாரமும் சூடு. தம்பிதான் அவளைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். பின்மேசைக்குப் போகப் போகிறவனுக்கு ஆறுதல் தேநீர் என்று முடிவு கட்டினார். இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மேலே தையல் இயந்திரத்தின் சத்தத்தோடு ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தமும் கேட்டது. அதையும் மனதில் குறித்து வைத்தார்.

பன்னிரண்டாம் வாரம் முடிந்த அன்று நர்ஸ் கடைக்கே வந்தாள். நோயாளி தன் வேலையைச் செய்கிற இடத்தில் முட்டி எப்படி மடங்குகிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். கையில் ஒட்டிய உறை. அதற்குள்தான் கம்ப்யூட்டரின் ரகசியம். தம்பி காலையிலேயே சவரம் செய்துகொண்டு, புதுச் சட்டையில் முன்கடை ஓரமாக நின்றிருந்தான். கம்பளம் பார்க்க வந்த ஓர் அம்மாள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள்.

"மண்டி போடுங்க சார்," என்றாள் நர்ஸ்.

கம்பளக்காரர் சுருளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதி தூரத்தில் முட்டி நின்றது. மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், சுருளைக் கட்டிப் பிடித்தபடி, பெருமிதமாகச் சொன்னார்:

"பார்த்தீங்களா? இம்மியும் மாறலை. உறையைப் பிரிங்க. டம்மின்னு எல்லார் முன்னாலயும் சத்தமா படிங்க."

நர்ஸ் பிரித்தாள். படித்தாள். நெற்றியைச் சுருக்கி இன்னொரு முறை படித்தாள்.

"சார், உங்களுக்குக் கொடுத்தது அசல்."

"அசலா?"

"அசல்தான். அந்த ஸ்கேனுக்கு அப்புறம் ஒரு நாள்கூடக் குறையாம ஓடியிருக்கு. இருநூறு பேர்ல உங்க கணக்குதான் ரொம்பச் சுத்தம்னு டாக்டர் எல்லார்கிட்டயும் காட்டினார். ஆனா முட்டி மட்டும்... எங்களுக்கே புரியலை."

கம்பளக்காரர் அவசரமாகக் கணக்குப் போட்டார். மிதிகட்டையில் கட்டினேன் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் கடை போகும். இரண்டில் எது அதிக விலை என்று அவர் எடைபோடுவதற்குள் தம்பி முன்னால் வந்தான்.

"அண்ணே, அசல்னு சொல்லிட்டாங்க. மண்டி போடுறவங்களுக்குத்தான் முன்கடை. எழுந்திரிங்க, கை கொடுக்கறேன்."

அந்த நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாண்டி, கைப்பிடியைத் தொடாமல், மனைவி இறங்கி வந்தாள். தட்டில் நாலு தம்ளர். நாலிலும் ஆவி பறந்தது. தட்டை மேசையில் வைத்தாள். கணவர் கட்டிப் பிடித்திருந்த சுருளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சட்டென்று மண்டி போட்டாள். சுருளின் ஓரத்தை இரு கையாலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். கம்பளம் கடை முழுக்க உருண்டு போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மாளின் காலடியில் நின்றது.

"இது எத்தனை அடி நீளம்?" என்றாள் அந்த அம்மாள்.

தம்பி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பாதி மடங்கிய முட்டியோடு கம்பளக்காரர் மனைவியைப் பார்த்தார். நர்ஸ் கையிலிருந்த தாளையும், அவள் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிதிகட்டையில கட்டினா தையல் கோணிக்கிட்டுப் போச்சுங்க," என்றாள் மனைவி, கம்பளத்தின் சுருக்கத்தைக் கையால் நீவியபடி. "டம்மிதானே, உங்களுக்கு வேண்டாம்னீங்களே, வீணாக் கிடக்குதேன்னு தைக்கிறப்ப என் முட்டியில கட்டிக்கிட்டேன்."