சமையலறை வரைக்கும் கேட்ட சங்கீதம்

காது எல்லோருக்கும் இருக்கிறது. காதால் கேட்டதை மாதப் பத்திரிகையில் மூன்று பக்கத்துக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு ஜீவராசி தனியாக இருக்கிறது. அதற்கு ஸ்டீரியோ மதிப்புரைக்காரர் என்று பெயர். நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஜன்னல்கள் எப்போதும் மூடியே இருக்கும் வீட்டில் டெஸ்மண்ட் பார்ஜிட்டர் என்று அசல் மாதிரி ஒன்று குடியிருக்கிறது. போய் மணி அடித்துப் பிரயோசனமில்லை. அவருக்குக் கேட்காது.

முன்னறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் நிற்கும். அவற்றைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தால்தான் பாட்டு 'மூச்சு விடும்' என்பதால் சோபா மாடிக்குப் போயிற்று, மனைவி கிளெனிஸின் தையல் மேசை தோட்டத்துக் கொட்டகைக்குப் போயிற்று, கடைசியில் கிளெனிஸே சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருடைய பாஷையை நீங்கள் கேட்கவேண்டும். புதுப் பாட்டுப் பெட்டி ஒன்றை மாட்டியதும், பாடகிக்கும் தனக்கும் நடுவில் தொங்கிய ஒரு திரை விலகிவிட்டது என்பார். மாதம் ஒரு திரை விலகுகிறதே, ஐயா, மொத்தம் எத்தனை திரைதான் தொங்குகிறது? பெட்டி சகிக்கவில்லையா, அது இன்னும் பழகவில்லை என்பார். புதுச் செருப்பு மாதிரி, ஒரு மாதம் ஓடவிட்டால் சரியாகிவிடுமாம். ஒரு மாதத்தில் பழகுவது பெட்டியா, காதா? இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் நம்பலாமா என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மதிப்புரைக்கு வரும் பெட்டிகள் எல்லாம் கம்பெனிக்காரன் கொடுக்கும் இரவல். எழுதி முடித்ததும் திருப்பி அனுப்பவேண்டும். நல்லபடியாக எழுதினால் திருப்பிக் கேட்க அவர்கள் மறந்துவிடுவார்கள், கொடுக்க இவர் மறந்துவிடுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற நல்ல குணம் நமக்கு மட்டும்தான் சொந்தமா என்ன? அதற்காக மனுஷரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். இருக்கிற பெட்டியைப் பிரிய மனசில்லாதவருக்கு அதில் இனிமை தானாகவே கேட்கும்.

ஆனால் வாசகர்கள் விவரமானவர்கள், இரவல் வாங்கியவன் பேச்சை லேசில் நம்பமாட்டார்கள். அதனால் இந்த இனத்தார் ஆளுக்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். சாட்சி வேறு யாருமில்லை, மனைவிதான். 'பெட்டியை மாட்டி ஒரு நிமிஷம் ஆகவில்லை, இதிலெல்லாம் துளியும் அக்கறையில்லாத என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, எதை மாற்றினீர்கள் என்று கேட்டாள்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கிளெனிஸ் இப்படி வருஷக்கணக்காக மாதம் ஒரு தடவை ஓடிவந்துகொண்டிருந்தாள். உண்மையில் அவள் வந்தது டீ வேண்டுமா என்று கேட்க. மற்ற நேரமெல்லாம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தன் சின்ன டிரான்சிஸ்டரில் நாடகம் கேட்பாள். எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், யார் குடி முழுகப்போகிறது என்று விட்டிருந்தாள்.

முழுகப் பார்த்தது பக்கத்து வீட்டுக் குடி. அங்கே கிளிஃப் டாபின் என்று பஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெரிலுக்கு உலகத்தில் ஒரே ஒரு சந்தோஷம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ஒரு பழைய கேரவன், சக்கரம் வைத்த குட்டி வீடு. கோடையில் ஸ்கெக்னஸ் கடற்கரையில் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வாரத்துக்காகத்தான் மற்ற ஐம்பது வாரமும் அவள் உயிரோடு இருந்தாள். கிளிஃப் இப்போது அதை விற்று, டெஸ்மண்ட் புகழ்ந்த ஒலிபெருக்கிகளை வாங்கப்போகிறார்.

பெரில் வேலி ஓரம் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் எழுதினதை அவர் நம்பல, கிளெனிஸ். உன்னைத்தான் நம்புறார். சமையலறையில உனக்கே கேட்டுச்சாமே?"

கிளெனிஸ் உள்ளே போய் டிரான்சிஸ்டரை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேரே சமையலறை வாசலுக்கு வந்தார். அந்த வரி நிஜந்தானா, ஒரு வார்த்தை போதும் என்றார். ஆமாம் என்றால் பெரிலின் கேரவன் போகும். இல்லை என்றால் புருஷன் மானம் போகும், விஷயம் கம்பெனி வரைக்கும் எட்டினால் முன்னறையும் காலியாகும். பொம்மையைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி டெஸ்மண்ட் நிற்பதை அவள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல, கிளிஃப். டீ வேணுமான்னு கேக்கத்தான் போனேன். அந்த வண்டியை வித்துராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முன்னறையில் பாட்டு நின்றது. டெஸ்மண்ட் வாசலில் வந்து நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. கிளெனிஸுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கிளிஃப் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியா சேதி! வீடு பூரா இரையாம, எதிர்ல உக்காந்து கேக்கறவனுக்கு மட்டும் கேக்குதா? இந்த மாதிரி அடக்கமான பெட்டியைத்தானே நான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்."

"சரியாப் பிடிச்ச, கிளிஃப்" என்றார் டெஸ்மண்ட், போன உயிர் திரும்பி வந்தவராக. இது நமக்குத் தோன்றவில்லையே என்று உள்ளூர வருத்தம் வேறு.

அடுத்த சனிக்கிழமை பீட்டர்பரோ ஊர்க்காரர் ஒருவர் வந்து கேரவனைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போனார். அதிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்த கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பெரில் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கிகள் வந்து இறங்கின. அந்த அலறலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் அவள் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். கிளெனிஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அடுத்த மாத இதழில் டெஸ்மண்ட் எழுதியிருந்தார்: 'இந்த இசை எங்கள் பக்கத்து வீட்டு அம்மையாரைத் தோட்டத்துக்கே வரவழைத்துவிட்டது.'

ஆக, மதிப்புரையை நம்பலாமா என்றுதானே கேட்டீர்கள்? டெஸ்மண்டை விட்டுத்தள்ளுங்கள். கிளிஃப் எதை நம்பினார்? கேட்டது என்று சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பார், கேட்கவில்லை என்றதும் வாங்கினார். அவருக்கு வேண்டியிருந்தது அபிப்பிராயம் இல்லை, அனுமதி. சிரிக்கிறீர்களே, போன வருஷம் கார் வாங்குவதற்கு முன்னால் நீங்களும் பத்துப் பேரிடம் யோசனை கேட்டீர்கள். ஒன்பது பேர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பத்தாவது ஆள் சௌக்கியந்தானே?